முதல் மாடியிலிருந்து ஏழு தளம்

அந்த வரியைத் திருடியவனுக்கே அது புரியவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. குடத்தைத் திருடுகிறவன் அதில் தண்ணீராவது பிடித்துக் குடிப்பான். இவன் திருடியதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டியிருக்கிறான்.

நான் கட்டிடம் இடிக்கிறவன். சம்மட்டி, கடப்பாரை, சில இடங்களில் மெஷின். இருபத்தெட்டு வருடமாக இதே வேலை, ஒரே கான்ட்ராக்டர், ஒரே மேஸ்திரி. மகள் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். அவள் என் வேலை இடத்துக்கு வந்ததே கிடையாது. ஒரு புதன்கிழமை மதியம் வந்து தகர வேலிக்கு வெளியே நின்றாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் இருக்கிறான், கண்ணாடி தடிமனாக இருப்பதால் அவனுக்குச் சோடா என்று பெயர். அவன்தான் முதலில் பார்த்தான்.

"அண்ணே, உன்னத் தேடி யாரோ ஆபீசர் வந்திருக்கு. என்ன தப்பு பண்ணுன?"

"வாய மூடு. என் பொண்ணுடா அது."

"உன் பொண்ணா? மூஞ்சியப் பாத்தா அறிவாளி மாதிரி இருக்கே!"

வேலிக்குப் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அப்பா, நாளைக்குக் காலையில யுனிவர்சிட்டிக்கு வரணும்."

"எதுக்கு? பட்டம் குடுக்கறாங்களா?"

"ஒரு கட்டுரையில கொஞ்சம் பிரச்சனை. வீட்டுப் பெரியவங்க யாராவது வந்து கையெழுத்துப் போடணுமாம். வந்து போட்டுட்டுப் போயிடு. எதுவும் பேசாத."

"என்ன பிரச்சனை?"

"அதான் சொல்றேன்ல, பேசாத. நீ பேசினா பெரிசாயிடும். இது போச்சுன்னா எனக்கு இந்த வருஷமே போச்சு."

மறுநாள் அரை நாள் விடுப்பு கேட்டபோது மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தான். "என்ன, நீயும் காலேஜ் போறியா?" என்றான். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

பல்கலைக்கழக வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தான். "வேலைக்கு வந்தவங்க பின்பக்க கேட்."

"வேலைக்கு வரல. இங்க படிக்கிற பொண்ணோட அப்பா."

அவன் என் கைகளைப் பார்த்தான். எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் காரை போகாது. "அப்பான்னாலும் பதிவு போடணும்" என்று நோட்டை நீட்டினான். பேனாவைப் பிடித்து என் பெயரை முழுசாக எழுதினேன். அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கத்திலும் பதிந்திருக்கும்.

நூலகம் நாலு மாடி. எந்தக் கட்டிடத்தைப் பார்த்தாலும் எங்கே முதல் அடி போடுவது என்று கண் தானாகப் பார்க்கும். பழக்கம். இது நல்ல கட்டிடம், மூன்று வாரம் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டே மகளுக்குப் பின்னால் ஏறினேன்.

கம்ப்யூட்டர்கள் வரிசையாக வைத்த அறை. ஒரு வகுப்பு அப்போதுதான் முடிந்து பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைப் பலகையில் மூன்று கேள்விகள் எழுதி இருந்தன. யார் எழுதியது? எப்போது எழுதியது? எழுதியவருக்கு இதைப் பற்றி எப்படித் தெரியும்? நான் எழுத்துக்கூட்டி மூன்றையும் வாசித்து முடிப்பதற்குள் அந்த டீச்சர் வந்து நாற்காலி இழுத்துப் போட்டார். ஐம்பது வயதிருக்கும். இணையத்தில் கிடைப்பதை எப்படித் தேடுவது, எதை நம்புவது, எடுத்ததை எப்படிச் சொல்லி எழுதுவது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் இவர்தான் பாடம் எடுக்கிறாராம்.

"உட்காருங்க ஐயா. உங்க பொண்ணு கெட்ட பொண்ணு இல்ல. ஆனா இந்தக் கட்டுரை அவ எழுதினது இல்ல."

மேசைமேல் எட்டுப் பக்கம் விரித்தார். பாதிக்கு மேல் மஞ்சள். வேறு எங்கோ இருக்கிற எழுத்தும் இதுவும் ஒன்றாக இருந்தால் கம்ப்யூட்டர் அந்த வரியில் மஞ்சள் பூசிவிடுமாம்.

"இணையத்துல ஒருத்தரோட கட்டுரை இருக்கு. இவ அதை அப்படியே எடுத்திருக்கா. எங்கேருந்து எடுத்தேன்னு ஒரு வரி சொல்லல."

"சொல்லியிருந்தா?"

"சொல்லிட்டு எடுத்திருந்தா அது படிச்சதோட அடையாளம். சொல்லாம எடுத்தா வேற பேரு."

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். எனக்குள் சூடு ஏறியது. திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இவள் படிக்க வேண்டும் என்று நான் எத்தனை சுவர் இடித்தேன்? சொல்லிக்காட்ட வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பேசாதே என்று சொல்லியிருக்கிறாளே.

"எப்படிக் கண்டுபிடிச்சேன்னா" என்று டீச்சர் ஒரு வரியைச் சுட்டினார். ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு கேள்விகள். "இந்த வரி புரியல. பிள்ளைங்க எழுதினதுல எந்த வரி அவங்களுக்கே புரியாதோ அதைத்தான் நான் முதல்ல தேடுவேன். பாருங்க. 'தொழிலாளி ஒருவர் முதல் மாடியில் நின்றிருந்தார். ஏழு தளம் கடந்து கீழே விழுந்து இறந்தார்.' முதல் மாடியிலேருந்து எப்படி ஐயா ஏழு தளம் விழ முடியும்?"

நாற்காலியை மேசைக்கு இழுத்துக்கொண்டேன்.

"அடுத்த வரி படிங்க" என்றேன்.

"அப்பா" என்றாள் மகள்.

"படிங்கம்மா."

டீச்சர் படித்தார். "சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியாகச் சத்தம் வந்தால்..."

"...நம்மைத் தாங்கும். வயிறு காலியான மாதிரி சத்தம் வந்தால் அதன் பக்கத்தில் நின்று பீடிகூடப் பற்ற வைக்காதே" என்று நான் முடித்தேன்.

அவர் பக்கத்தைப் பார்த்தார். பீடி மட்டும் அதில் இல்லை. 'அதன் அருகில் நிற்கலாகாது' என்று இருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் எழுதினது."

கம்ப்யூட்டர் திரையைத் திருப்பச் சொன்னேன். கட்டுரைக்கு மேலே ஒரு படம். தாடையில் கைவைத்து யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான் வகுப்பு சார். ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் சங்கத்து அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எழுத்துக் கற்றுக்கொடுக்க வந்தவன். என்னைவிட இருபது வயது சின்னவன். ஆனாலும் நாங்கள் சார் என்றுதான் கூப்பிட்டோம். நாங்கள் எழுத்துக்கூட்டி எழுத ஆரம்பித்ததும், "உங்க வேலையைப் பத்தி எழுதுங்க, பேசற மாதிரியே எழுதுங்க" என்றான். பச்சை அட்டை நோட்டில் இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். திருத்தித் தருகிறேன் என்று சொல்லி ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தான். திருத்தியும் தந்தான், பொய் சொல்லக் கூடாது.

படத்துக்குக் கீழே, 'இரண்டாண்டுக் கள ஆய்வின் முடிவுகள்' என்று போட்டிருந்தது. எந்தக் களம்? அந்தச் சங்கத்து பெஞ்சா? ஒரு நாள் ஒரு செங்கல்மேல் அவன் கால் பட்டிருக்குமா?

எல்லாவற்றையும்விட ஒன்று என்னைப் போட்டு அறைந்தது. 'தொழிலாளி ஒருவர்.' நான் அப்படி எழுதவே இல்லை. நெட்டையன் என்று எழுதினேன். அவனை எல்லாரும் கூப்பிட்ட பெயர் அது. ஒன்பது வருடம் என் பக்கத்தில் நின்று அடித்தவன். பொருளையும் எடுத்துக்கொண்டு ஆளையும் அழித்திருக்கிறான்.

"உன்னுதா அது?" என்றாள் மகள். "எனக்குத் தெரியாதுப்பா. தேடினேன். இடிக்கிற வேலையைப் பத்தி நம்ம பாஷையில இது ஒண்ணுதான் இருந்துச்சு."

டீச்சர் திரையையும் பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார். "அந்த நோட்டு உங்க வீட்டுல இருக்குன்னா விஷயமே வேற. இவ அந்த நோட்டைப் பாத்து எழுதியிருந்தா, இணையத்துலேருந்து எடுத்ததா ஆகாது. அப்பாவோடதுன்னு குறிப்பிட மறந்துட்டா, அவ்வளவுதான். திருப்பி எழுதச் சொல்லி விட்டுடலாம். விசாரணைக் கமிட்டிக்கே போகாது."

"ஆமா மேடம்" என்றாள் மகள்.

நான் திரும்பினேன்.

"அப்பா நோட்டுலேருந்துதான் எடுத்தேன்." இந்த முறை என்னை நேராகப் பார்த்தாள். கண்ணில் கெஞ்சல்.

"அப்படியா ஐயா?" என்றார் டீச்சர்.

தலையை ஆட்டினால் போதும். வருடம் பிழைக்கும். இந்தப் படியில் இறங்கி மதிய வேலைக்குப் போய்விடலாம். கழுத்து அசையவும் செய்தது. அப்போதுதான் அந்த மஞ்சள் வரி மறுபடியும் கண்ணில் பட்டது. தொழிலாளி ஒருவர்.

"முதல் மாடின்னா எது?" என்று மகளைக் கேட்டேன்.

"என்னப்பா?"

"என் நோட்டைப் பாத்துத்தானே எழுதின? முதல் மாடின்னா எது, சொல்லு."

"தரைக்கு மேல இருக்கிறது. வேற எது?"

"இல்ல." என் குரல் உயர்ந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் நிமிர்ந்து பார்த்தான். "கட்டறவன்தான் கீழேருந்து எண்ணுவான். நாங்க இடிக்கிறவங்க. எங்க வேலை உச்சியிலதான் ஆரம்பிக்கும். உச்சிதான் எங்களுக்கு முதல் மாடி. எட்டு மாடிக் கட்டிடத்துல முதல் மாடியிலேருந்து விழுந்தான் நெட்டையன். கீழ ஏழு தளம். நோட்டோட ரெண்டாவது பக்கத்துலயே இதை எழுதியிருக்கேன். அந்தத் திருட்டுப் பய அதைத் தேவையில்லைன்னு விட்டுட்டான். நீ நோட்டையே திறக்கல." டீச்சர் பக்கம் திரும்பினேன். "இல்லம்மா. அலமாரியில அஞ்சு வருஷமா கிடக்கு. இவ தொட்டதில்ல. எழுதிக்கங்க."

"அப்பா!"

"அந்த ஆளு கேக்காம எடுத்தான். நீ இப்ப என் எதிர்லயே எடுக்கற."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "பின்ன என்ன பண்ணச் சொல்ற? முதல் வகுப்புலயே மேடம் சொன்னாங்க. எழுதினவர் யாரு, என்ன படிச்சிருக்காரு, எந்த நிறுவனம், அதெல்லாம் பாத்துத்தான் எடுக்கணும்னு. எங்கப்பா சொன்னார்னு போட்டா கிளாஸே சிரிக்கும். இந்தாள் பேருக்குப் பின்னாடி ரெண்டு பட்டம் இருக்கு. உன் பேருக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

டீச்சரைப் பார்த்தேன்.

"நீங்க அப்படியா சொல்லிக் குடுத்தீங்க?"

அவர் பலகையைப் பார்த்தார். மூன்றாவது கேள்வியில் கண் நின்றது. "சொன்னேன் ஐயா" என்றார். "பாதியைத்தான் சொல்லியிருக்கேன் போல. பட்டம் இருந்தா தெரியும்னு இவங்க எடுத்துக்கிட்டாங்க. தப்பு எம்மேலயும் இருக்கு. ஆனா ரிப்போர்ட்ல நடந்ததைத்தான் எழுத முடியும். அவ இப்ப சொன்னதையும் சேத்து."

"எழுதுங்க" என்றேன். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கட்டுரையைத் தன்னிடம் சேமித்து வைத்துவிட்டதாகவும், அந்த ஆள் வேலை செய்கிற இடத்துக்குக் கடிதம் எழுதப்போவதாகவும், அதற்கு நோட்டின் நகல் வேண்டும் என்றும் டீச்சர் சொன்னார். "தரலாமா ஐயா?" என்று கேட்டார். என்னிடம் கேட்ட முதல் ஆள்.

படியில் இறங்கும்போதே போனை எடுத்து வகுப்பு சாரை அழைத்தேன். நம்பர் இன்னும் இருந்தது. மகளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே! நல்லா இருக்கீங்களா? எவ்வளவு நாளாச்சு!"

"என் நோட்டை உன் பேருல போட்டிருக்க."

கொஞ்சம் இருமினான். "அது அப்படி இல்லண்ணே. உங்க குரலை நாலு பேருக்குக் கொண்டுபோயிருக்கேன். எத்தனை பேரு படிச்சிருக்காங்க தெரியுமா?"

"என் குரலா? அதுல உன் மூஞ்சிதான இருக்கு."

"ஆய்வுன்னா அப்படித்தாண்ணே. தனி ஆள் பேரெல்லாம் போட மாட்டோம். உங்க பாதுகாப்புக்குத்தான். உங்களுக்கு அது விளங்காது."

"விளங்க வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. முதல் மாடின்னா எது?"

"எது?"

"நீ எழுதியிருக்கல்ல. முதல் மாடியிலேருந்து ஏழு தளம். எது முதல் மாடி?"

"தரைக்கு மேல உள்ளதுதாண்ணே... ஏழு தளம்னா, அது ஒரு..."

"வைடா போனை" என்றேன்.

மகள் இரண்டு படி கீழே நின்றிருந்தாள். அவன் சொன்ன பதிலைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அவள் சொன்ன அதே பதில். பஸ்ஸில் முன் சீட்டில் அவளும் பின் சீட்டில் நானுமாக வந்தோம்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் அவள் அம்மா தோசைக்கரண்டியை அடுப்பு மேடைமேல் வீசினாள்.

"ஒரு தலையாட்டு! ஒரே ஒரு தலையாட்டு ஆட்டிட்டு வந்திருக்கலாமே மனுஷா! ஊருக்கெல்லாம் ஆட்டறியே, மேஸ்திரி சொன்னா ஆட்டறியே, பெத்த பொண்ணுக்காக ஆட்ட முடியலையா உன்னால?"

மேஸ்திரி சொன்னால் ஆட்டுகிறேன் என்று அவள் சொன்னது எங்கேயோ போய்க் குத்தி நின்றது.

பத்து நாளில் கமிட்டி முடிவு வந்தது. அந்தப் பாடத்தில் பூஜ்யம். நீக்கவில்லை. ஆனால் கூடப் படித்தவர்களோடு பட்டம் வாங்க முடியாது, இன்னும் ஆறு மாதம் இருந்து அந்தப் பாடத்தை மறுபடி முடிக்க வேண்டும். அதே தலைப்பில் புதிதாக எழுத வேண்டும். இதற்கிடையில் அந்தக் கட்டுரை இணையத்திலிருந்து காணாமல் போயிருந்தது. மன்னிப்பு இல்லை, ஒரு வரி விளக்கம் இல்லை. சுத்தமாகத் துடைத்துவிட்டான்.

மகள் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. கோபம் எனக்கும் குறையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து எதிரில் நின்றாள்.

"அந்த நோட்டை எடுத்துக்கவா?"

"அலமாரியில இருக்கு."

"எங்க இருக்குன்னு கேக்கல. எடுத்துக்கவான்னு கேக்கறேன்."

"எடு" என்றேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து இருபத்திரண்டு பக்கத்தையும் படித்தாள். பீடி வரியில் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. நெட்டையன் வந்த பக்கத்தில் நின்றுவிட்டாள். அதை இரண்டு முறை படித்தாள். பிறகு பழைய கட்டுரையை எடுத்துவந்து பிரித்து வைத்தாள். டீச்சரின் சிவப்புக் கேள்விகள் ஓரத்தில் அப்படியே இருந்தன. முதல் மாடியைப் பற்றிய முதல் கேள்வியின்மேல் கோடு போட்டு அடித்தாள்.

"இன்னொண்ணு இருக்குப்பா" என்றாள். "'ஏன் விழுந்தார்? ஆதாரம் என்ன?' நோட்டுல தேடிட்டேன். நின்னான், விழுந்தான்னு இருக்கு. ஏன்னு இல்ல."

"அதுல இல்ல."

"அதான். யாரைக் கேக்கணும்?"

டீயில் ஆடை கட்டிவிட்டது. அடுப்படியில் அவள் அம்மா கையை நிறுத்திவிட்டாள்.

நோட்டில் அது ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். எழுத்து வராததால் இல்லை. மற்றதெல்லாம் எழுத வந்ததே. நெட்டையன் பெயரை அழித்துவிட்டான் என்று வகுப்பு சாரைத் திட்டினேன். நான் அழித்தது எத்தனை பெயர்?

"எழுதிக்க" என்றேன்.

அவள் போனைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"இடிச்சதைக் கீழே தள்ள எல்லாத் தளத்துலயும் நேரா ஒரு ஓட்டை போடுவோம். உச்சியிலேருந்து தள்ளினா அடி வரைக்கும் போயிடும். அந்த வேலையில ஓட்டை சின்னதா இருக்கு, வேலை மெதுவாப் போகுதுன்னு மேஸ்திரிக்கு அவசரம். ஓட்டையோரமா ஒரு உத்திரம் இருந்துச்சு. அதுதான் அந்தத் தளத்தைத் தாங்கிட்டிருந்துச்சு. அதை வெட்டச் சொன்னான். வெட்டினா தளம் நிக்காதுன்னு தெரியும். அவனுக்கும் தெரியும். மறுநாள் காலையில நெட்டையன் அதுமேல போய் நின்னான். அவனுக்கு யாரும் சொல்லல."

பேனா ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. தலை நிமிராமல் கேட்டாள்.

"வெட்டினது யாரு?"

"மேஸ்திரி சொன்னான். நான் தலையை ஆட்டினேன்."

"அப்பா. வெட்டினது யாரு?"

"நான்."

அடுப்படியில் ஏதோ கருகுகிற வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் மெதுவாகக் கேட்டாள். "இதை எழுதினா யார் சொன்னாங்கன்னு போடணும். பேரு போடாமலும் விடலாம்னு மேடம் சொன்னாங்க. சொல்றவருக்கு ஆபத்துன்னா விட்டுடலாம். நாளைக்கும் நீ அவன்கிட்டதான் வேலைக்குப் போகணும்."

'தொழிலாளி ஒருவர்.' அந்த மஞ்சள் என் கண்ணுக்குள் இன்னும் இருந்தது.

"போடு" என்றேன். "முழுப் பேரையும் போடு. மேஸ்திரி பேரையும் நான் சொல்றேன். நெட்டையனுக்கு வீட்டுல வச்ச பேரு ஒண்ணு உண்டு. அதையும் எழுது. அதை முதல்ல எழுது."

அவள் புதுப் பக்கம் புரட்டினாள். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.